நோன்பில்லாத நாக்கு

ஆண்பிள்ளைக்கு அடுப்படியில் என்ன வேலை என்று எங்கள் தெஸ்ஸியே ஊரில் பெண்கள் கேட்பார்கள். சும்மா வாய்ப்பேச்சு என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லை, அதில் விஷயம் இருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காத என் புருஷன் ஷிமெலிஸ், போயும் போயும் ஃபாசிகா பண்டிகைக்கு முந்தின நாள், உயிர்த்த ஞாயிறுக்கென்று நான் வைத்துக்கொண்டிருந்த கோழிக் குழம்பின் மூடியைத் திறந்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அவரை முழுசாகக் குற்றம் சொல்லவும் முடியாது. அந்தக் குழம்பு அவருடைய தங்கைக்காக வைத்தது. திரிங்கோ என்று பெயர், பள்ளிக்கூடத்து டீச்சர். அவள் வீடும் எங்கள் வீடும் ஒரே காம்பவுண்டுக்குள் எதிரும் புதிருமாக இருக்கின்றன. அவளுக்கு ஹவாசாவுக்கு மாற்றலாகி, வருகிற செவ்வாய்க்கிழமை கிளம்புகிறாள். ஹவாசா என்ன பக்கத்துத் தெருவா, நினைத்தால் வந்து போக? அவளும் நானும் ஒரே தட்டில் கைவைத்து இரண்டு வருஷமாகிவிட்டது. போவதற்கு முன்னால் ஒரு வேளையாவது அவள் நம் தட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று ஷிமெலிஸ் ஒரு மாதமாக என் காதில் ஓதிக்கொண்டிருந்தார். இப்படியே போய்விட்டால் அப்புறம் ஒட்டவே ஒட்டாது என்று அவருக்குப் பயம். வெளியே காட்டிக்கொள்ளவில்லையே தவிர, எனக்கும் அதே பயம்தான்.

சண்டை வந்தது முட்டையால். திரிங்கோ பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்தாள். அது அவள் இஷ்டம், நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அவர்களுக்கு எங்களைப்போல் நோன்பு கிடையாது. ஐம்பத்தைந்து நாள் பருப்பும் கீரையும் தின்று நாங்கள் காய்ந்து கிடக்கிறோம். அதுவும் கடைசி வாரம், பாடுகளின் வாரம். அந்த வாரத்தில் இவள் ஜன்னலை ஆவென்று திறந்துவைத்துக்கொண்டு வெண்ணெயில் முட்டை பொரித்தாள். அந்த வாசனை காம்பவுண்டு முழுக்கச் சுற்றியது. நான் என் வாசலில் நின்று கத்தினேன். என் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து என் முட்டையை எண்ணுவதுதான் ஆண்டவருக்கு வேலையா என்று அவள் ஜன்னலில் இருந்தே கேட்டாள். அப்படியென்றால் இனிமேல் என் தட்டில் கை வைக்காதே என்றேன். சரி என்றாள். இவர்கள் ஜெபத்துக்கு என் வாயிலிருந்து ஒருநாளும் ஆமென் வராது என்று அந்த வாரமே கோயில் வாசலில் நின்று சொன்னேன். அவள் சொன்ன அந்தச் சரியைத்தான் இரண்டு பேரும் இரண்டு வருஷமாகக் கட்டிக் காத்தோம். நான் பிடிவாதக்காரி என்றால் அவளும் லேசுப்பட்டவள் இல்லை.

கஷ்டமாக இல்லையா என்றால் இருந்தது. நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது அவள் சின்னப் பெண். என் முதல் குழம்பை வாயில் வைத்துவிட்டு, எங்க அண்ணன் பாவம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னவள். அன்றைக்கு ஆரம்பித்த சிநேகிதம். அவள் இல்லாமல் காப்பி வறுத்துக் குடித்து என்ன சுகம்? யாரைப் பற்றிப் பேசிச் சிரிப்பது?

ஆனாலும் வாயைத் திறந்து கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. ஷிமெலிஸிடம் கறாராகச் சொல்லிவிட்டேன்.

"குழம்பு வெக்கிறேன். வாசம் அவ வீடு வரைக்கும் போகும். வர்றதுன்னா அவளே வரட்டும். நான் போய்க் கூப்பிட மாட்டேன்."

மனிதர் இதை அப்படியே மனசில் வாங்கிக்கொண்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சனிக்கிழமை காலையிலிருந்து அடுப்படிதான். கோழியைப் பன்னிரண்டு துண்டாக அரிந்து, எலுமிச்சையும் உப்பும் போட்டு, கவிச்சி போகக் கழுவிக் கழுவி வைத்தேன். வெங்காயம் ஒரு குன்று. எண்ணெய் இல்லாமல் வெறும் பானையில் அதைக் கிளறிக் கிளறி, சுருண்டு வந்த பிறகு மசாலா வெண்ணெய், அப்புறம் பெர்பெரே மிளகாய்ப் பொடி, பூண்டு, இஞ்சி. வெள்ளிக்கிழமையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. கோழி மணக்கிற வீட்டில் வெறும் வயிற்றோடு நின்று கிண்டுகிறவளுக்குக் கோபம் எங்கே இருக்கும்? மூக்கு நுனியில்தான் இருக்கும். என் மகள் ரெதியெத் அன்றைக்கு என்னிடம் அளவாகத்தான் பேசினாள்.

ஃபாசிகா குழம்பில் இருக்கிற சங்கடமே இதுதான். வருஷத்திலேயே பெரிய சமையல், அதைச் சமைக்கிறவள் ஒரு சொட்டு வாயில் வைக்கக் கூடாது. நாக்குக்கு வேலை இல்லாததால் மூக்கை வைத்துத்தான் சமைப்போம். என் மூக்கைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. இந்த வருஷம் பார்த்து எனக்கு ஜலதோஷம். மூக்கு இருந்த இடத்தில் ஒரு கல்லை வைத்து அடைத்ததுபோல் இருந்தது.

வழக்கம்போல் பக்கத்து வீட்டு மோமினா வந்தாள். அவள் முஸ்லிம், எங்கள் நோன்பு அவளுக்கு இல்லை. நாங்கள் அறுத்த கோழியை அவள் தொட மாட்டாள், அவர்கள் அறுத்ததை நாங்கள் தொட மாட்டோம். ஆனால் கோழி விழுவதற்கு முன்னால் வெறும் வெங்காயமும் மிளகாயும் வெண்ணெயுமாக இருக்கும்போது அவள் ருசி பார்க்கலாம். வருஷா வருஷம் அவள்தான் பார்க்கிறாள். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டேன். நக்கிப் பார்த்தாள்.

"உப்பு சரி, காரம் சரி. இதுக்கு மேல உன் பாடு, உன் கோழி பாடு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கோழி உள்ளே போனது. இனி பாக்கி மெக்கெலேஷா மட்டும்தான். கடைசியில், பானையை இறக்கப் போகிற நேரத்தில் தூவுகிற பொடி அது. பெரிய ஏலக்காய், திப்பிலி, மிளகு, கிராம்பு, பட்டை, ஜாதிக்காய், கருஞ்சீரகம் எல்லாம் வறுத்துப் பொடித்தது. ஒரு சின்னக் கரண்டி போதும், குழம்பு எழுந்து உட்கார்ந்துகொள்ளும். தெரு முனையில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். கூடிப்போனால் குழம்பு குழம்பாக இருக்காது.

அந்த நேரம் பார்த்து வாசலில் மணிச் சத்தம். கோயிலிலிருந்து கோரைப்புல் கொண்டுவந்திருந்தார்கள். அந்தச் சனிக்கிழமை எல்லோரும் தலையில் பச்சைக் கோரையைக் கட்டிக்கொள்வோம். நான் போய் வாங்கி, பாதிரியார் கையிலிருந்த சிலுவையை முத்தமிட்டு, நாலு வார்த்தை பேசி, தலையில் கோரையைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தேன். பானை கொதித்துக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு வாசனையும் வரவில்லை. மூக்கில் ஏறினால்தானே? மெக்கெலேஷா டப்பாவை எடுத்து, ஒரு சின்னக் கரண்டி தூவி, இன்னும் கால் கரண்டி கூடவும் தூவி, மூடினேன்.

கொஞ்ச நேரம் கழித்து மோமினா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தலையை நீட்டினாள்.

"யாருக்கு உடம்பு சரியில்ல? கஷாயம் காச்சுற வாசம் தெருவுக்கே வருதே."

ஓடிப் போய் டப்பாவைத் திறந்து பார்த்தேன். காலையில் கழுத்து வரை இருந்தது, இப்போது பாதிக்கும் கீழே. ரெதியெத்தைக் கூப்பிட்டு நிறுத்தினேன். நீ போய்ப் பேச ஆரம்பித்தால் சீக்கிரம் வரமாட்டாயே, அதனால் நானே போட்டுவிட்டேன் என்றாள். சொல்லித் தொலைப்பதற்கென்ன என்றால், உன் முகத்தைப் பார்த்து யார் பேசுவது என்கிறாள். சரி, இரண்டு கரண்டி என்றாலும் டப்பாவில் இவ்வளவு பள்ளம் விழுந்திருக்காதே என்று யோசித்தபோது, வாசற்படியில் செய்தித்தாள் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்த மனிதர் தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். விரல் நுனியெல்லாம் பழுப்பாக இருந்தது.

"எத்தனை கரண்டி?" என்று கேட்டேன்.

"கரண்டி தேடினேன், கிடைக்கல. கையாலதான் ரெண்டு தடவ அள்ளிப் போட்டேன்." தாளுக்குப் பின்னாலிருந்தே பேசினார். "வாசம் அவ வீடு வரைக்கும் போகும்னு நீதானே சொன்ன. காத்து இன்னிக்கு அந்தப் பக்கம் அடிக்கல."

என்ன சொல்லித் திட்டுவது? ஐம்பது வயசு ஆள், தங்கச்சிக்காகக் காற்றோடு சண்டை போட்டிருக்கிறார்.

குழம்பு எவ்வளவு கெட்டிருக்கிறது, காப்பாற்ற முடியுமா முடியாதா என்று தெரிய வேண்டும். அதற்கு யாராவது வாயில் வைத்துப் பார்க்க வேண்டும். நானும் ரெதியெத்தும் நோன்பு. நான் வேண்டுமானால் என்று இழுத்த ஷிமெலிஸைக் கண்ணாலேயே உட்கார வைத்தேன், நோன்பை முறித்த பாவம் வேறு இன்றைக்கு வேண்டாம். மோமினாவுக்குக் கோழி ஆகாது. அவள் சுவரில் தாடையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் காம்பவுண்டுல உங்க கோழியும் தின்னுற, நோன்பும் இல்லாத ஆளு ஒருத்திதான். நான் பேரச் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. எந்த நாக்குக்கு நோன்பில்லை என்று இரண்டு வருஷம் பேசாமல் இருந்தேனோ, அந்த நாக்கைத் தேடித்தான் நான் இப்போது போக வேண்டும். ரெதியெத்தை அனுப்பலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அது கோழைத்தனம். அகப்பையில் குழம்பை மொண்டு, கீழே சிந்தாமல் இடது கையை ஏந்திக்கொண்டு, தலையில் கோரையும் மூக்கில் சளியுமாக நானே முற்றத்தைத் தாண்டினேன். நாலு எட்டு வைத்தால் வருகிற வீடு, ஏதோ மலையேறுகிறதுபோல் மூச்சு வாங்கியது.

கதவு திறந்தே கிடந்தது. திரிங்கோ தரையில் உட்கார்ந்து கண்ணாடி டம்ளர்களைத் தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சுவரெல்லாம் காலி. அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ செய்தது.

"ருசி பாக்கணும்," என்றேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

அவள் அகப்பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எழுந்து வந்து உள்ளங்கையை நீட்டினாள். ஒரு சொட்டு விட்டேன். நக்கினாள். கண்ணை மூடித் திறந்தாள்.

"நல்லா இருக்கு அண்ணி," என்றாள். மரியாதையாக, புன்னகையோடு.

அவள் கையை உதறியிருந்தால்கூட எனக்கு அப்படி வலித்திருக்காது. திரிங்கோ என் சமையலை எந்தக் காலத்தில் நல்லா இருக்கு என்றிருக்கிறாள்? நன்றாக இருந்தால் பேசாமல் இரண்டாம் தடவை தட்டை இழுப்பாள், நன்றாக இல்லாவிட்டால் நாலு வீட்டுக்குக் கேட்கத் திட்டுவாள். நல்லா இருக்கு என்பது விருந்துக்குப் போன வீட்டில் சொல்வது. முன்பின் தெரியாதவர்களிடம் சொல்வது.

"என்னடி நல்லா இருக்கு?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. "யார் வீட்டுக்கோ வந்த மாதிரி பேசற. உள்ளதச் சொல்லு."

"சொன்னா உங்களுக்குக் கோவம் வரும். இன்னும் மூணு நாள் இருக்கப் போறேன். எதுக்கு அண்ணி?"

"கோவம் வந்தா வந்துட்டுப் போகுது. நீ சொல்லு."

அவள் இடுப்பில் கையை வைத்தாள். அந்தக் கை இடுப்புக்குப் போனதுமே எனக்குப் பாதி உயிர் வந்துவிட்டது.

"பல் டாக்டர்கிட்ட வாயத் தொறந்து உக்காந்த மாதிரி இருக்கு. நாக்கு மரத்துப் போச்சு. எத்தன கிராம்பக் கொட்டித் தொலைச்சீங்க? நாளைக்கு இதச் சாப்பிட்டா எங்கண்ணனுக்குப் பல்லப் புடுங்கினாக்கூடத் தெரியாது. இத வாசம் பாக்காம என்ன பண்ணீங்க, மூக்க அடகு வெச்சுட்டீங்களா?"

நான் சிரித்துவிட்டேன். சிரித்ததில் மூக்கு ஒழுகியது, அதைத் துடைக்கக் கையில்லாமல் அகப்பையோடு நின்றேன். உங்கண்ணன் கையால் அள்ளிப் போட்டார் என்று சொன்னதும் அவளும் சிரிக்க ஆரம்பித்தாள். எதற்காக அள்ளிப் போட்டார் என்பதையும் சொன்னேன். அதற்கு அவள் சிரிக்கவில்லை. தன் துப்பட்டா முனையால் என் மூக்கைத் துடைத்துவிட்டு, வாங்க, பானையைப் பார்க்கலாம் என்று எனக்கு முன்னால் நடந்தாள்.

அதற்கப்புறம் அடுப்படி அவளுடையதாகிவிட்டது. கோழித் துண்டுகளை வெளியே எடுத்து வைக்கச் சொன்னாள். குழம்பில் பாதியை இறுத்து ஓரமாக வைத்தாள். புதிதாக இன்னொரு குன்று வெங்காயம் நறுக்க வேண்டியதாயிற்று. ஆளுக்கொரு கத்தி எடுத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்து நறுக்கினோம், கண்ணீர் ஊற்றியது. வெங்காயத்தில் என் மூக்கு திறந்துகொண்டது என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். திறக்கவில்லை. பள்ளிக்கூடத்துக் கதை, தலைமையாசிரியரின் புதுப் பல்செட்டு, மோமினாவின் சம்பந்தி என்று இரண்டு வருஷத்துப் பாக்கியைப் பேசித் தீர்த்தோம். முட்டையைப் பற்றி இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

புது வெங்காயம் வதங்கி, மிளகாய்ப் பொடி சிவந்து எண்ணெய் பிரிந்ததும் பழைய குழம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தாள். ஒவ்வொரு தடவையும் உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். நான் பசியில் கண் இருண்டு சுவரைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நோன்பில்லாதவளாலயும் ஒரு உபகாரம் இருக்கு பாத்தீங்களா?" என்றாள்.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும்," என்றேன்.

கடைசியில் நக்கிப் பார்த்துவிட்டு ஒன்றுமே சொல்லவில்லை. இன்னொரு சொட்டு விட்டுக்கொண்டாள். எனக்கு அது போதும். மெக்கெலேஷா டப்பாவை அவளே மூடி, அண்ணன் கைக்கு எட்டாத மேல்தட்டில் வைத்தாள்.

கையைக் கழுவிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தபோது ஷிமெலிஸ் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். என் நாக்கு அப்போதும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. கூப்பிட மாட்டேன் என்று சொன்னது நானாயிற்றே. அவள் முற்றத்தில் பாதி தூரம் போய்விட்டாள்.

"திரிங்கோ," என்றேன். "நாளைக்கு மத்தியானம். உனக்கும் சேத்துத்தான் முட்ட வேக வெச்சிருக்கேன்."

நின்றாள். "முட்டையா?" என்று ஒரு புருவத்தை மட்டும் தூக்கினாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தரையில் புல் பரப்பி, நடுவில் பெரிய தட்டு வைத்து, இன்ஜெரா அப்பத்தை விரித்து, அதன்மேல் குழம்பை ஊற்றினேன். ஆளுக்கொரு முட்டை. காப்பி குடிக்க வந்த மோமினா தனக்கென்று கொண்டுவந்திருந்த பருப்புத் தட்டோடு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. ஆறிப்போகும் என்றார் ஷிமெலிஸ். ஆறட்டும் என்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்புறம் கதவு திறந்தது. திரிங்கோ கரைபோட்ட வெள்ளைத் துணி உடுத்திக்கொண்டு முற்றத்தைத் தாண்டி வந்து, ரெதியெத்தை இடித்துத் தள்ளி, எனக்கு நேர் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். நான் அப்பத்தைக் கிள்ளி, கோழியும் முட்டையும் குழம்பும் வைத்துப் பெரிய கவளமாக உருட்டி, அவள் வாய்க்கு நேராக நீட்டினேன். எங்கள் ஊரில் வேண்டியவர்களுக்கு அப்படித்தான் ஊட்டுவோம். நீட்டிய கவளத்தை மறுக்கிற வழக்கம் கிடையாது.

அவள் வாயைத் திறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். கைகளை விரித்தாள்.

"கர்த்தாவே," என்று ஆரம்பித்தாள்.

அவர்கள் சபையில் ஜெபம் என்றால் இரண்டு வரியில் முடிகிற சமாச்சாரம் இல்லை. இந்த உணவுக்காக ஸ்தோத்திரம் சொன்னாள். வெங்காயம் விளைவித்தவனுக்காகச் சொன்னாள். மோமினாவின் மகன் அரபு நாட்டில் நல்லபடியாக இருக்க வேண்டும் என்றாள், அண்ணனுடைய மூட்டு வலி தீர வேண்டும் என்றாள். என் கை அந்தரத்தில் நின்றது. குழம்பு விரலிடுக்கில் வழிந்து மணிக்கட்டைத் தாண்டி முழங்கைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் எங்கள் முறைப்படி சிலுவை போட்டு ஆசீர்வதித்து வைத்த உணவு அது. அதன்மேல் இன்னொரு ஜெபமா? போன வருஷமாக இருந்தால் கவளத்தை என் வாயிலேயே போட்டுக்கொண்டு எழுந்து போயிருப்பேன். ஷிமெலிஸ் என்னையே பார்த்தார். நான் கையை இறக்கவில்லை.

"இந்தக் கைக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே," என்றாள் திரிங்கோ. "இவங்க மூக்க நீர் சீக்கிரம் தொறந்துவிடணும். நான் செவ்வாக்கெழம போறேன். அங்க என்னை யாரும் திட்ட மாட்டாங்க. எல்லாரும் மரியாதையா நடத்துவாங்க. நான் யாருகிட்ட போய்..."

அதற்குமேல் வரவில்லை. மூடின கண்ணிலிருந்து தண்ணீர் கன்னத்தில் இறங்கியது. ஜெபம் பாதியில் நின்றுபோய், முடிக்கவும் தெரியாமல், கண்ணைத் திறக்கவும் முடியாமல் கையை விரித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவர்கள் ஜெபத்துக்கு என் வாயால் ஒருநாளும் பதில் சொல்ல மாட்டேன் என்று கோயில் வாசலில் நின்று சொன்னவள் நான்.

"ஆமென்," என்றேன். "நானே சொல்லிட்டேன். கை வலிக்குதுடி, வாயத் தொற."

திறந்தாள்.